பத்தாவது ஆண்டின் கணக்கு: ஊர் மாறிய பேஸ்பால் அணிகள்

1954ஆம் ஆண்டு ஃபிலடெல்ஃபியா அத்லெட்டிக்ஸ் அணியின் உள்ளூர் ஆட்டங்களுக்கு வந்த கூட்டம் 3,04,666. இதை வைத்துக்கொண்டு அணி நடத்த முடியாது என்று விற்றுவிட்டார்கள். 35 லட்சம் டாலருக்கு வாங்கிய ஆர்னால்ட் ஜான்சன் அணியைக் கான்சாஸ் சிட்டிக்குக் கொண்டுபோனார். பதின்மூன்று பருவம் ஆடிய பிறகு, அங்கும் போதவில்லை என்று அடுத்த முதலாளி சார்லி ஃபின்லி ஓக்லண்டுக்குப் பெயர்த்துக்கொண்டு போனார். 1979இல் ஓக்லண்டில் அதே அணிக்கு வந்த கூட்டம் 3,06,763. இருபத்தைந்து ஆண்டு, இரண்டு இடமாற்றம், நாட்டின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குச் சுமார் 4,000 கிலோமீட்டர். கூடுதலாகக் கிடைத்தது 2,097 டிக்கெட்.

1979 அந்த அணிக்குப் படுமோசமான ஆண்டு. 54 ஆட்டத்தில் வெற்றி, 108இல் தோல்வி. ஒரு கெட்ட ஆண்டை மட்டும் பிடித்துக்கொண்டு வாதாடுவது முறையில்லை என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இடமாற்றத்துக்காகப் பேசுகிறவர்களும் எழுபது ஆண்டாக ஒரே ஒரு ஆண்டைத்தான் காட்டுகிறார்கள்: புது ஊரின் முதல் ஆண்டு. புதிதாக வந்த எதையும் பார்க்கக் கூட்டம் கூடத்தான் செய்யும். ஸ்டேடியத்துக்கு வாங்கிய கடனோ இருபது, முப்பது ஆண்டுக் கடன். எனவே இந்தக் கட்டுரையில் பத்தாவது ஆண்டையும் சேர்த்துப் பார்க்கப்போகிறோம். அணி விட்டுவிட்டுப் போன ஊர் பிறகு என்ன ஆயிற்று என்பதையும் சேர்த்துக்கொண்டால், வழக்கமாகச் சொல்லப்படும் கதை நிறையவே மாறிவிடுகிறது.

முதலில் மொத்தக் கணக்கு. 1903 முதல் 1952 வரை ஐம்பது பருவங்கள் அமெரிக்காவின் இரண்டு பெரிய லீக்குகளிலும் சேர்த்து 16 அணிகள், 10 நகரங்கள். ஒரு அணிகூட ஊர் மாறவில்லை. 1953 முதல் 1972 வரை இருபது பருவங்களில் பத்து இடமாற்றங்கள். பிறகு 33 ஆண்டு அசைவே இல்லை. 2005இல் ஒன்று, 2025இல் ஒன்று. ஆக மொத்தம் பன்னிரண்டு. ஒரே பெருநகரப் பகுதிக்குள் மைதானம் மாறியதை இதில் சேர்க்கவில்லை.

எண்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. "பார்வையாளர்" என்று அச்சிடப்படுவது ஆள் கணக்கு இல்லை. ஒருவர் பத்து ஆட்டம் பார்த்தால் பத்தாக எண்ணப்படுவார். 1993க்கு முன் நேஷனல் லீக் வாசலில் நுழைந்தவர்களை எண்ணியது, அமெரிக்கன் லீக் விற்ற டிக்கெட்டுகளை எண்ணியது. பருவத்துக்கு உள்ளூர் ஆட்டங்கள் முதலில் 77, 1960களின் தொடக்கத்திலிருந்து 81. இந்த வேறுபாடுகளால் சில ஆயிரங்கள் இப்படி அப்படிப் போகலாம். கீழே உள்ள இடைவெளிகள் பெரும்பாலும் லட்சங்களில் என்பதால் முடிவு மாறாது.

பார்வையாளர் எண்ணிக்கை, லட்சத்தில்:

| இடமாற்றம் | பழைய ஊரில் கடைசி ஆண்டு | புது ஊரில் முதல் ஆண்டு | புது ஊரில் பத்தாவது ஆண்டு |
|---|---|---|---|
| பாஸ்டன் – மில்வாக்கி, 1953 | 2.81 | 18.26 | 7.67 |
| செயின்ட் லூயிஸ் – பால்டிமோர், 1954 | 2.97 | 10.61 | 7.74 |
| ஃபிலடெல்ஃபியா – கான்சாஸ் சிட்டி, 1955 | 3.05 | 13.93 | 6.42 |
| புரூக்ளின் – லாஸ் ஏஞ்சலஸ், 1958 | 10.28 | 18.46 | 16.64 |
| நியூயார்க் – சான் ஃபிரான்சிஸ்கோ, 1958 | 6.54 | 12.73 | 12.42 |
| வாஷிங்டன் – மினசோட்டா, 1961 | 7.43 | 12.57 | 12.62 |
| மில்வாக்கி – அட்லாண்டா, 1966 | 5.56 | 15.40 | 5.35 |
| கான்சாஸ் சிட்டி – ஓக்லண்ட், 1968 | 7.27 | 8.37 | 4.96 |
| சியாட்டில் – மில்வாக்கி, 1970 | 6.78 | 9.34 | 19.18 |
| வாஷிங்டன் – டெக்சஸ், 1972 | 6.55 | 6.63 | 8.50 |
| மாண்ட்ரியால் – வாஷிங்டன், 2005 | 7.50 | 27.32 | 25.79 |
| ஓக்லண்ட் – சாக்ரமெண்டோ, 2025 | 9.22 | 7.68 | – |

முதல் பத்து வரிகளை மட்டும் கூட்டினால், விட்டுவந்த ஊர்களில் 59 லட்சம், புது ஊர்களின் முதல் ஆண்டில் 126 லட்சம், பத்தாவது ஆண்டில் 101.5 லட்சம். மொத்தத்தில் லாபம்தானே என்று தோன்றும். கூட்டுத்தொகை இப்படித்தான் ஏமாற்றும். வரி வரியாகப் பாருங்கள். அட்லாண்டாவின் பத்தாவது ஆண்டு, மில்வாக்கியில் போதாது என்று விட்டுவந்த கடைசி ஆண்டைவிடக் குறைவு. ஓக்லண்டின் பத்தாவது ஆண்டு, கான்சாஸ் சிட்டியின் கடைசி ஆண்டில் மூன்றில் இரண்டு பங்குதான். மில்வாக்கியும் கான்சாஸ் சிட்டியும் முதல் ஆண்டுக் கூட்டத்தில் பாதிக்கு மேல் இழந்திருந்தன.

முதல் மூன்று இடமாற்றங்களில் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. மூன்றுமே இரண்டு அணிகள் இருந்த நகரங்களிலிருந்து இரண்டாவது அணி வெளியேறிய கதை. 1950 மக்கள்தொகைக் கணக்கில் பாஸ்டனில் 8.01 லட்சம் பேர், செயின்ட் லூயிஸில் 8.57 லட்சம் பேர். இரண்டிலும் இரண்டு அணிகள். அதே கணக்கில் லாஸ் ஏஞ்சலஸில் 19.7 லட்சம் பேர், பெரிய லீக் அணி ஒன்றுகூட இல்லை. ரயிலில் போய் ஆடிவிட்டு வரக்கூடிய எல்லை செயின்ட் லூயிஸோடு முடிந்ததால் வந்த வினை இது. அரை நூற்றாண்டாக வரைபடம் மாறவில்லை, மக்கள் மேற்கே போய்க்கொண்டே இருந்தார்கள்.

செயின்ட் லூயிஸ் பிரௌன்ஸ் அணியின் நிலைமை சொல்லத் தரமில்லை. 1935இல் பருவம் முழுவதற்கும் வந்தவர்கள் 80,922 பேர். 77 ஆட்டங்களுக்குப் பகிர்ந்தால் ஆட்டத்துக்கு ஆயிரத்துச் சொச்சம். 1953இல் அந்த அணி 54 வென்று 100 தோற்றது. பில் வீக் அதை 24.75 லட்சம் டாலருக்குப் பால்டிமோர்க்காரர்களிடம் விற்றார். 1954இல் பால்டிமோரில் அது வென்றது 54, தோற்றது 100. ஆட்டத்தில் இம்மியளவும் மாற்றமில்லை. கூட்டம் மூன்றரை மடங்கு. முதல் ஆண்டு எண்ணை ஏன் நம்பக் கூடாது என்பதற்கு இதைவிடச் சுத்தமான சோதனையை யாராலும் அமைத்துத் தர முடியாது.

ஆனால் எல்லோரையும் கிறுகிறுக்க வைத்தது மில்வாக்கிதான். லூ பெரினியின் பாஸ்டன் பிரேவ்ஸ் 1948இல் லீக் பட்டம் வென்றபோது 14.5 லட்சம் பேர் வந்தார்கள். நான்கே ஆண்டில் அது 2.81 லட்சமாக வற்றியது. அதே ஊரின் ரெட் சாக்ஸுக்கு 1952இல் 11 லட்சத்துக்கு மேல் வந்தது. மில்வாக்கி கவுண்டி சுமார் 50 லட்சம் டாலர் பொதுப்பணத்தில் புது ஸ்டேடியம் கட்டி வைத்திருந்தது. 1953 மார்ச் நடுவில், பருவம் தொடங்கச் சில வாரங்களே இருந்தபோது, லீக் இடமாற்றத்துக்குச் சம்மதித்தது. அடுத்த ஐந்து ஆண்டில் மில்வாக்கிக்கு வந்தவர்கள் மொத்தம் 1.02 கோடி. அதே ஐந்து ஆண்டில் புரூக்ளின் டாட்ஜர்ஸுக்கு வந்தவர்கள் 54.6 லட்சம்.

டாட்ஜர்ஸ் முதலாளி வால்டர் ஓமாலியைத் தூங்கவிடாத கணக்கு இதுதான். புரூக்ளினில் அவருடைய அணி நஷ்டத்தில் ஓடவில்லை. நல்ல லாபம் பார்த்த அணி. ஆனால் எபெட்ஸ் ஃபீல்ட் மைதானத்தில் 32,000 பேர்தான் உட்காரலாம், 700 கார்தான் நிறுத்தலாம். பக்கத்து வீட்டுக்காரன் வரும்படி தன்னுடையதைப் போல் இரண்டு மடங்கு என்றால், அந்தப் பணத்தில் நல்ல ஆட்டக்காரர்களை அவன் வாங்கிவிடுவான் என்ற பயம் அவருக்கு. அட்லாண்டிக் – ஃபிளாட்புஷ் சாலைகள் சந்திக்கும் இடத்தில் சொந்தச் செலவில் ஸ்டேடியம் கட்டுகிறேன், நிலத்தை மட்டும் நகரம் கையகப்படுத்தித் தரட்டும் என்றார். நகரத்தின் கட்டுமானங்களைக் கையில் வைத்திருந்த அதிகாரி ராபர்ட் மோசஸ் மறுத்து, குவீன்ஸில் ஃபிளஷிங் மெடோஸுக்குப் போகச் சொன்னார். போனார், 3,900 கிலோமீட்டர் தள்ளி. 1957 அக்டோபர் 7 அன்று லாஸ் ஏஞ்சலஸ் நகர மன்றம் 10–4 என்று ஒப்பந்தத்தை நிறைவேற்ற, மறுநாள் அறிவிப்பு வந்தது. நியூயார்க்கின் ஜயண்ட்ஸ் அணி சான் ஃபிரான்சிஸ்கோ போவதென ஆகஸ்டிலேயே முடிவாகியிருந்தது.

டாட்ஜர்ஸ் கணக்கில் வரவுப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். 1962 ஏப்ரலில் 56,000 இருக்கைகளோடு 2.3 கோடி டாலர் தனியார் பணத்தில் டாட்ஜர் ஸ்டேடியம் திறந்தது. அந்த ஆண்டு வந்தவர்கள் 27.55 லட்சம். செலவுப் பக்கம் சாவேஸ் ரவைன் பள்ளத்தாக்கில் கிடக்கிறது. ஸ்டேடியம் நிற்கும் சுமார் 300 ஏக்கர் நிலத்தில் மெக்சிகோ வழி வந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் இருந்தன. 1950இல் அவர்களுக்குக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் போனது பேஸ்பாலுக்காக இல்லை. அரசுக் குடியிருப்புத் திட்டத்துக்காக. சுமார் 3,300 வீடுகள், 13 மாடிக் கட்டடங்கள் 24 என்று ரிச்சர்ட் நியூட்ராவும் ராபர்ட் அலெக்சாண்டரும் வரைந்து வைத்திருந்தார்கள். 1953இல் வந்த மேயர் நாரிஸ் பௌல்சன் காலத்தில் திட்டம் கைவிடப்பட்டது. காலி செய்த நிலம் அப்படியே இருக்க, 1958 ஜூனில் நடந்த வாக்கெடுப்பில் ஒப்பந்தம் குறைந்த வித்தியாசத்தில் வென்றதும் அதுதான் அணிக்குப் போனது. 1959 மே மாதம் கடைசிக் குடும்பங்களைப் போலீஸ் வெளியே தூக்கிப் போட்டதைத் தொலைக்காட்சி காட்டியது. தனியார் பணத்தில் கட்டிய ஸ்டேடியம் என்று இதைப் பாராட்டும் புத்தகங்களில் நிலத்தின் விலை எந்தத் தலைப்பிலும் ஏறுவதில்லை.

திரும்ப மில்வாக்கிக்கு வருவோம். 1957இல் அங்கே 22 லட்சம் பேர் வந்தார்கள், அணி உலகத் தொடரையும் வென்றது. ஐந்தாண்டில் அது 7.67 லட்சமாகச் சரிந்தது எப்படி? அணி வலுவிழந்தது ஒரு காரணம். 1961இல் வாஷிங்டன் அணி மினசோட்டாவில் வந்து இறங்கியதும், அதுவரை மில்வாக்கிக்கு வந்துகொண்டிருந்த மேற்குப் பக்கத்து ஊர்க்காரர்கள் போய்விட்டார்கள். போதாக்குறைக்கு அதே 1961இல் வெளியிலிருந்து பீர் கொண்டுவரக் கூடாது என்று மைதானத்தில் தடை போட்டார்கள். பீர் ஆலைகளுக்குப் பேர்போன ஊரில் இப்படி ஒரு விதியை எழுதியவர் யாரோ, அவருக்கு வேறு வேலை கொடுத்திருக்கலாம். 1962இல் பெரினி அணியைச் சிகாகோ முதலீட்டாளர்களிடம் விற்றார். அவர்கள் கண் அட்லாண்டாவில் இருந்தது. தென்கிழக்கே வேறு பெரிய லீக் அணியே இல்லாததால், பல மாநிலங்களின் வானொலி, தொலைக்காட்சி விளம்பரச் சந்தை மொத்தமாக ஒரே கைக்கு வரும். அட்லாண்டா 1.8 கோடி டாலரில் ஸ்டேடியம் கட்டித் தந்தது. 1965 வரை குத்தகை இருந்ததால் நீதிமன்றம் அந்த ஆண்டு அணியை நகரவிடவில்லை. போகப்போவது உறுதியான அணியை 5.56 லட்சம் பேர் வந்து பார்த்தார்கள். விஸ்கான்சின் மாநிலம் வழக்குப் போட்டு, கீழ் நீதிமன்றத்தில் வென்று, 1966 ஜூலையில் மாநில உச்ச நீதிமன்றத்தில் 4–3 என்று தோற்றது. பேஸ்பாலுக்கு ஏகபோகத் தடைச் சட்டம் பொருந்தாது என்று 1922இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கொடுத்த விலக்கு குறுக்கே நின்றது.

அந்த விலக்குதான் இந்தத் தொழிலின் அஸ்திவாரம் என்பது என் எண்ணம். எத்தனை அணி இருக்கலாம், எங்கே இருக்கலாம் என்பதை அணி முதலாளிகளே கூடித் தீர்மானிக்கிறார்கள். அணி கேட்கும் ஊர்களைவிட அணிகளின் எண்ணிக்கை எப்போதும் குறைவாக இருக்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள்.

கூட்டத்தைப் பெருக்கத்தான் ஊர் மாறுகிறார்கள் என்றால் 1968ஐ எப்படி விளக்குவது? சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் 1966இல் ஒரே அணி, ஜயண்ட்ஸ், வந்தவர்கள் 16.57 லட்சம். 1968இல் எதிர்க்கரையில், 2.55 கோடி டாலரில் கட்டிய ஓக்லண்ட் கொலிசியத்துக்கு அத்லெட்டிக்ஸ் வந்தது. அந்த ஆண்டு ஓக்லண்டில் 8,37,466, சான் ஃபிரான்சிஸ்கோவில் 8,37,220. வித்தியாசம் 246. இரண்டையும் கூட்டினால் 16.75 லட்சம். ஊறுகிற தண்ணீர் ஊறுகிறபடி இருக்க, ஒரே கிணற்றில் இரண்டு ஏற்றம் கட்டி இறைத்த கதை. 1972, 73, 74 என்று வரிசையாக மூன்று உலகத் தொடர்களை ஓக்லண்ட் வென்றும், பத்தாவது ஆண்டில் ஐந்து லட்சத்தைத் தொட முடியவில்லை. ஜயண்ட்ஸும் 1974இல் 5.2 லட்சத்துக்கு இறங்கியது.

கைவிடப்பட்ட கான்சாஸ் சிட்டி அதே நேரம் என்ன செய்தது? அமெரிக்க செனட்டர் ஒருவர் மிரட்டியதில் 1969இல் அதற்கு ராயல்ஸ் என்ற புது அணி கிடைத்தது. 1978இல், புது அணியின் பத்தாவது ஆண்டில், அங்கே வந்தவர்கள் 22.55 லட்சம். அதே ஆண்டு ஓக்லண்டில் 5.27 லட்சம். கூட்டம் சேராத ஊர் என்று ஃபின்லி சொல்லிவிட்டுப் போன ஊரில் நான்கு மடங்குக்கு மேல் கூட்டம்.

மில்வாக்கியும் அப்படியே. 1970இல் வந்த இரண்டாவது அணியான புரூயர்ஸ், முதல் அணி ஆடிய அதே கவுண்டி ஸ்டேடியத்தில்தான் ஆடியது. பத்தாவது ஆண்டு: முதல் அணிக்கு 7.67 லட்சம், இரண்டாவது அணிக்கு 19.18 லட்சம். ஊர் அதே ஊர், மைதானம் அதே மைதானம். சியாட்டிலில் 1969இல் 6.78 லட்சம், பின்னாளில் கிடைத்த மரினர்ஸ் அணிக்கு 2002இல் 35.4 லட்சம். நியூயார்க்கில் இரண்டு அணி போன இடத்தில் 1962இல் தொடங்கிய மெட்ஸ், 1970இல் 26.97 லட்சம் கண்டது. "இந்த ஊரில் பேஸ்பால் ஓடாது" என்ற வாதம் இந்த நான்கு ஊர்களில் எண்களாலேயே பொய்த்துவிட்டது. ஓடாதது அங்கிருந்த அணி, அல்லது அதன் நிர்வாகம்.

சியாட்டில் பைலட்ஸ் கதையைச் சொல்லாமல் விட மனமில்லை. 53.5 லட்சம் டாலர் கட்டி லீக்கில் நுழைந்த அணி. சிக்ஸ் ஸ்டேடியம் என்ற பழைய மைதானத்தில் தொடக்க நாளன்று இருக்கைகளுக்கு ஆணி அடித்து முடிக்கவில்லை. கூட்டம் சற்றுக் கூடினால் குழாயில் தண்ணீர் வராது. ஒரே பருவத்தில் திவால். 1970 மார்ச் 31 அன்று திவால் நீதிமன்றம், பட் செலிக் தலைமையிலான மில்வாக்கிக் குழுவுக்கு 1.08 கோடி டாலருக்கு விற்க அனுமதித்தது. ஏப்ரல் 7 அன்று மில்வாக்கியில் முதல் ஆட்டம். தளவாடங்களை ஏற்றிய லாரிகள் யூட்டாவில் நின்று, எந்த ஊருக்கு ஓட்டுவது என்று தகவலுக்குக் காத்திருந்தன. சட்டையில் பைலட்ஸ் என்ற எழுத்தைப் பிரித்தெடுத்துவிட்டு புரூயர்ஸ் என்று தைத்தார்கள். முதல் ஆட்டம் 12–0 தோல்வி. பார்த்தவர்கள் 37,237 பேர். ஓராண்டு ஆடித் திவாலான அணியின் விலை இரண்டு மடங்கு ஆனதைக் கவனிக்க வேண்டும். எண்ணிக்கையைச் சுருக்கி வைத்த பண்டத்துக்கு நஷ்டத்திலும் விலை ஏறும்.

வாஷிங்டன் – டெக்சஸ் வரியில் கூட்டம் கூடவே இல்லை, 6.55 லட்சம் 6.63 லட்சமானது, அவ்வளவே. 1971 செப்டம்பர் 30, வாஷிங்டனில் கடைசி ஆட்டம். உள்ளூர் அணி 7–5 என்று முன்னணியில் இருந்தது, இன்னும் ஒரே ஒரு ஆட்டக்காரரை வெளியேற்றினால் வெற்றி. ரசிகர்கள் மைதானத்துக்குள் பாய்ந்து தளங்களையும் புல்லையும் பிடுங்கிக்கொண்டு போனார்கள். ஆட்டம் கைவிடப்பட்டு, 9–0 என்று எதிரணிக்கு வெற்றி எழுதப்பட்டது.

அடுத்த 33 ஆண்டில் யாரும் ஊர் மாறவில்லை என்றால், ஊர் மாறாமலேயே காரியம் நடக்கக் கற்றுக்கொண்டார்கள் என்று பொருள். போய்விடுவேன் என்று சொன்னாலே போதும். ஃபுளோரிடாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அணியே இல்லாமல் குவிமாட ஸ்டேடியம் கட்டி 1990இல் திறந்து வைத்தது. கட்டிக்கொண்டிருந்தபோதே அதைக் காட்டி 1988இல் சிகாகோ வொய்ட் சாக்ஸ் இலினாய் சட்டமன்றத்திடம் புது ஸ்டேடியம் வாங்கியது. 1992இல் ஜயண்ட்ஸை 11.5 கோடி டாலருக்கு வாங்கி அங்கே கொண்டுபோக ஒரு குழு முன்வந்தது. லீக் 9–4 என்று மறுத்து, உள்ளூர்க் குழுவுக்கு 10 கோடிக்கு விற்கச் செய்தது. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஸ்டேடியத்தில் பெரிய லீக் ஆட்டம் நடந்தது 1998இல்தான், அதுவும் 13 கோடி டாலர் கட்டணம் கட்டிய புது அணியோடு. எட்டு ஆண்டு அந்தக் கட்டடம் பார்த்த முக்கிய வேலை, மற்ற ஊர்களை மிரட்டப் பயன்பட்டது.

மிரட்டலுக்குப் பணிந்தவர்கள் செலவுக்கு சியாட்டில் கணக்கு ஒன்று போதும். 1976இல் திறந்த கிங்டோம் ஸ்டேடியத்தைக் கட்ட 6.7 கோடி டாலர். மரினர்ஸ் வெளியேறுவதாக மிரட்டியதால் 51.7 கோடியில் புது மைதானம் 1999இல் திறந்தது. கிங்டோமை 2000 மார்ச்சில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். அதன் பெயரில் இருந்த கடனைக் கவுண்டி கட்டி முடித்தது 2015இல். இல்லாத கட்டடத்துக்குப் பதினைந்து ஆண்டு தவணை.

மாண்ட்ரியால் எக்ஸ்போஸ் கணக்கில் லீக்கே வியாபாரியாக இறங்கியது. 1994இல் 74 வெற்றி, 40 தோல்வி என்று எல்லா அணிகளையும்விட முன்னால் நின்றபோது வேலைநிறுத்தம் வந்து பருவம் நின்றுபோனது. அந்த அடியிலிருந்து அணி எழவில்லை. 2002இல் மற்ற 29 அணிகளும் சேர்ந்து அதை 12 கோடி டாலருக்கு வாங்கின. அடுத்த இரண்டு ஆண்டும் "உள்ளூர்" ஆட்டங்களில் 22ஐ புவேர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானில் ஆடவைத்தார்கள். 2004 செப்டம்பர் 29 அன்று கடைசி ஆட்டத்துக்கு 31,395 பேர் வந்தார்கள். இடமாற்ற அறிவிப்பும் அன்றைக்கே. வாஷிங்டன் நகரம் ஸ்டேடியத்துக்கு 61.1 கோடி டாலர் உச்சவரம்பு வைத்து ஒப்புக்கொண்ட பிறகு, 2006இல் லெர்னர் குடும்பத்துக்கு அணியை 45 கோடிக்கு விற்றார்கள். 12 கோடி 45 கோடியான வித்தியாசத்தைக் கொடுத்தது யார் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. அதே 2006இல்தான் கியூபெக் அரசு மாண்ட்ரியால் ஒலிம்பிக் ஸ்டேடியத்தின் கடைசிக் கடனை அடைத்தது. மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்: கூட்டக் கணக்கில் இந்த இடமாற்றம் உறுதியான வெற்றி. 34 ஆண்டு அணியில்லாமல் இருந்த பெரிய நகரம்; பத்தாவது ஆண்டிலும் 25.79 லட்சம்.

இப்போது கடைசி வரி. அத்லெட்டிக்ஸ் அணியை 2005இல் 18 கோடி டாலருக்கு வாங்கிய குழுவில் ஒருவரான ஜான் ஃபிஷர், பின்னாளில் தனிப்பெரும் முதலாளியானார். 2023 ஜூனில் நெவாடா சட்டமன்றம், அணி கடைசியில் போய்ச்சேர வேண்டிய லாஸ் வேகாஸில் கட்டும் ஸ்டேடியத்துக்காக 38 கோடி டாலர் வரை பொதுப்பணம் தரச் சட்டம் இயற்றியது. அணியை வாங்கிய விலையைப் போல் இது இரண்டு மடங்குக்கு மேல். நவம்பரில் முதலாளிகள் இடமாற்றத்துக்கு ஆதரவாக 30–0 என்று வாக்களித்தார்கள். லீக் வசூலிக்க வேண்டிய இடமாற்றக் கட்டணத்தையும் தள்ளுபடி செய்தார்கள். 2024 செப்டம்பர் 26 அன்று ஓக்லண்டில் கடைசி ஆட்டத்துக்கு 46,889 பேர்.

இருக்கைக்கு எவ்வளவு என்று போட்டுப் பார்த்தால் காலம் எப்படி மாறியது என்பது தெரியும். மில்வாக்கி, 1953: 50 லட்சம் டாலர், சுமார் 36,000 பேர், தலைக்கு 140 டாலர். விலைவாசி உயர்வைச் சேர்த்தால் இன்றைக்குச் சுமார் 1,700. டாட்ஜர் ஸ்டேடியம், 1962: தலைக்கு 410 டாலர், இன்றைய மதிப்பில் சுமார் 4,400. லாஸ் வேகாஸில் 33,000 பேர் கொள்ளும் ஸ்டேடியத்துக்கு இப்போது சொல்லப்படும் செலவு 200 கோடி டாலர், தலைக்கு 60,600. அதில் பொதுப்பணப் பங்கை மட்டும் பிரித்தால் தலைக்கு 11,500 டாலர். ஓமாலி தன் கைப்பணத்தில் போட்ட ஒரு இருக்கையின் முழு விலையைப் போல் இரண்டரை மடங்கை, நெவாடா வரி கட்டுகிறவர்கள் ஒவ்வொரு இருக்கைக்கும் தருகிறார்கள். இவ்வளவு செலவழித்தும், பெரிய லீக்கின் மிகச் சிறிய சந்தைகளுள் ஒன்றுக்கு, ஆண்டு முழுக்கச் சுற்றுலா வந்து போகிறவர்களை நம்பி, ஒரு அணி போகிறது.

ஸ்டேடியம் 2028இல் திறக்கும் என்கிறார்கள். அதுவரை மூன்று பருவம், சாக்ரமெண்டோ பக்கத்தில் சிறு லீக் அணி ஒன்றின் மைதானம். சுமார் 14,000 பேர் கொள்ளும் இடம்; 81 ஆட்டமும் நிரம்பி வழிந்தாலே 11.34 லட்சம்தான். 2025இல் கிடைத்தது 7.68 லட்சம், ஆட்டத்துக்குப் பத்தாயிரத்துக்கும் கீழே. பன்னிரண்டு இடமாற்றங்களில் முதல் ஆண்டுக் கூட்டம் பழைய ஊரின் கடைசி ஆண்டைவிடக் குறைந்தது இது ஒன்றில்தான். லாஸ் வேகாஸின் பத்தாவது ஆண்டு என்பது 2037. நெவாடா கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதி முப்பது ஆண்டு வரை நீளக்கூடிய கடன் பத்திரங்கள் மூலம் வருகிறது. 2037இல் அந்தக் கடனில் பாதிகூடத் தீர்ந்திருக்காது.